காற்று போதாத நெருப்பு

(ஆண்டுப் பொதுக்குழுவிற்கு முன்னதாக நடைபெற்ற, மாலை நேரப் பாடவகுப்பு மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் ஹஜ்ரத் பேசினால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைச் சென்ற ஆண்டும் பேசினேன், அதற்கு முந்தைய ஆண்டும் பேசினேன். இந்த ஆண்டு வேதியியலைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் ஒரே ஒரு பாடம்: ஹைட்ரோகார்பன் எரிபொருள்கள், அவற்றைத் தேர்ந்தெடுப்பது, அவற்றை எரிப்பது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் பதற வேண்டாம். தவறாகச் சொன்னால் அங்கேயே எழுந்து திருத்தலாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அரபிக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். பிற்பாடு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன். அப்போது கூட ஹைட்ரோகார்பன் என்பதை மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தேனே தவிர, அது என் வீட்டு அடுப்பில் இருக்கும் பொருள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்தது 2012ஆம் ஆண்டின் ஓர் இரவு.

அந்த ஆண்டு மின்வெட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்த காலம். நான் அப்போது வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். சிறிய பள்ளிவாசல், வசதி குறைந்த ஜமாஅத். யாரோ ஒரு நல்ல மனிதர் கைமாற்றாக வாங்கித் தந்த சிறிய ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் வகை அது. வழக்கமாக அதை வெளித் தாழ்வாரத்தில் வைத்து இயக்குவோம். ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவு, இஷாவுக்குப் பின், மோதினார் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், சாரல் அடிக்குது, மெஷின் நனைஞ்சிரும், என்ன செய்ய?" என்று கேட்டார். "உள்ளே சாமான் அறையில் இழுத்து வையுங்கள் பாய், கதவைச் சாத்தினால் சத்தமும் குறையும்" என்று சொன்னவன் நான்தான். வேறு யாரும் அல்ல.

சாமான் அறையும் மோதினாருடைய அறையும் ஒரே தடுப்புச் சுவருக்கு இரு பக்கம். சுவர் கூரை வரை எழுப்பப்படவில்லை, மேலே இரண்டடி திறப்பு. மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று அவர் சொன்னார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சாம்பிராணி போட்டோம். வாடை அடங்கியது. நான் தெருக்கோடியில் இருந்த என் வீட்டிற்குப் போய்விட்டேன்.

ஃபஜ்ருக்குப் பாங்கு ஒலிக்கவில்லை. வந்து பார்த்தபோது எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் தானாக நின்றிருந்தது. மோதினார் பாயிலேயே கிடந்தார். எழுப்பினால் எழவில்லை. அருகில் வாந்தி எடுத்திருந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பல கேள்விகள் கேட்கவில்லை. அறையில் ஏதாவது எரிந்ததா என்று ஒன்றை மட்டும் கேட்டார். பிராணவாயு வைத்தார்கள். மனிதர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முன்பிருந்த மோதினாராக அவர் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகள் சொன்ன பாங்கின் நடுவே நின்று, அடுத்த சொல் எது என்று என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். சில மாதங்களில் அவருடைய மகன் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். போகும்போது கூட என்மீது அவர் குறை சொல்லவில்லை.

அதன் பிறகுதான் வேதியியல் புத்தகத்தைத் திறந்தேன். நான் என்ன செய்தேன் என்பதை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மாணவர்களே, ஹைட்ரோகார்பன் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே சேர்ந்த பொருள். சாண எரிவாயுவில் இருக்கும் மீத்தேனில் ஒரு கார்பன். சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் மூன்று கார்பன் கொண்ட புரொப்பேனும், நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனும் கலந்தது. பெட்ரோலில் எட்டை ஒட்டிய எண்ணிக்கை, மண்ணெண்ணெயிலும் டீசலிலும் பத்துக்கு மேல், மெழுகுவர்த்தியில் இருபதுக்கும் மேல். குடும்பம் ஒன்றே. எரியும்போது கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது, வெப்பம் வெளிவருகிறது. இவ்வளவும் பாடநூலில் ஒரு சமன்பாட்டில் முடிந்துவிடும். அந்தச் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் எரிபொருளுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் என்று எழுதி, அதற்கு முன்னால் ஓர் எண்ணையும் எழுதுகிறீர்களே, அந்த எண்தான் அந்த இரவு என் கண்ணில் படாமல் போனது.

வீட்டுச் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதில் 14.2 கிலோ வாயு. கணக்கின் வசதிக்காக அது முழுவதும் பியூட்டேன் என்று கொள்ளுங்கள். அதை முழுமையாக எரிக்க ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். எரிந்த பின் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ தண்ணீரும் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள்: இந்தப் பக்கமும் 65, அந்தப் பக்கமும் 65. ஒரு சிலிண்டர் தீரும்போது நம் வீட்டுப் பெண்களின் தலைக்குமேல் ஒரு குடத்திற்கும் அதிகமான தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது என்பதை நாம் நினைத்ததுண்டா? சிலிண்டருக்குப் பணம் தருகிறோம். அதைப்போல் மூன்றரை மடங்கு எடையுள்ள ஆக்சிஜன் இலவசமாக வருவதால் அதை நாம் பொருளாகவே கருதுவதில்லை. கன அளவில் சொன்னால், ஒரு பங்கு பியூட்டேன் வாயுவுக்கு ஆறரைப் பங்கு ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான், ஆகவே 31 பங்கு காற்று வேண்டும்.

அவ்வளவு காற்று கிடைக்காவிட்டால் நெருப்பு உடனே அணைந்துவிடாது. குறைப்பசியோடு வேலை செய்யும் கூலியாளைப் போல அரைகுறையாக எரியும். ஹைட்ரஜன் தன் பங்கை எடுத்துக்கொண்டு தண்ணீராகிவிடும். கார்பனுக்குப் போதிய ஆக்சிஜன் எஞ்சாது. இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்குப் பதில் ஒன்றோடு திருப்திப்பட்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அந்த ஒன்றும் கிடைக்காதது கரிப்புகையாக, பாத்திரத்தின் அடியில் ஒட்டும் கரியாக வரும். கரி கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையை அரிப்பதில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆக்சிஜன் உடலுக்குப் போய்ச் சேராது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவருக்கு முதல் இரண்டும் எச்சரிக்கையாகப் பயன்படுவதில்லை.

மண்ணெண்ணெய் வாடைதான் கெடுதல் என்று நாங்கள் எண்ணினோம். வாடை உண்மையில் தூது சொல்ல வந்தது. தூதனைச் சாம்பிராணியால் வெளியேற்றிவிட்டு, ஓசையில்லாமல் வந்தவனை உள்ளே வைத்துப் பூட்டினோம்.

சாம்பிராணி என்றதும் ஒரு செய்தி. என் துறையான அரபு மொழி இங்கே கொஞ்சம் வருவதால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா பக்கத்திலிருந்து வந்த இந்தப் பிசினை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்றார்கள், ஜாவாவின் குங்கிலியம் என்று பொருள். ஐரோப்பியர் வாயில் முதல் அசை உதிர்ந்து அது 'பென்சாயின்' ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833இல் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி ஒரு திரவம் எடுத்தார். அதுதான் பென்சீன். நம் வீட்டுத் தூபக்காலில் புகையும் பொருளின் அரபுப் பெயர், பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் அறுகோண வளையமாக அமர்ந்திருக்கிறது. இந்தப் பென்சீனைச் சிறிது எரித்தால் கரும்புகை சுருள்சுருளாக எழும். அதன் எடையில் நூற்றுக்கு 92 பங்கு கார்பன். மீத்தேனிலோ 75 பங்கு. கார்பன் மிகுந்தால் புகையும் மிகும். சுடரின் புகையைப் பார்த்தே பொருளின் வகையைச் சொல்லும் சோதனை பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. பென்சீன் நச்சுப் பொருளாதலால் அதை வைத்துச் செய்யாமல் வேறு பொருளை வைத்துச் செய்வார்கள்.

அதே பென்சீனை மிட்ஷர்லிக்கிற்கு எட்டாண்டு முன்பே, 1825இல், வாயு விளக்குக் குழாய்களில் தேங்கிய எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. இவரை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கொல்லருடைய மகன். முறையான பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிஞரானவர். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இவர்மீது தனிப் பிரியம் உண்டு. 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் சேர்த்து அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. மறு ஆண்டு அது நூலாக வந்தது.

அந்த மெழுகுவர்த்தியில் நமக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. எரிவது மெழுகு அல்ல, மெழுகின் ஆவி. சுடரை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலேயே நெருப்பு புகைவழியாக இறங்கி மீண்டும் பற்றிக்கொள்ளும். சுடரின் மஞ்சள் பகுதியில் கரண்டியைப் பிடித்தால் கரி படியும். மஞ்சள் ஒளி என்பதே அந்தக் கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதுதான். சுடருக்குச் சற்று மேலே குளிர்ந்த கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தால் உட்புறம் பனிபோல் நீர் படரும். சிலிண்டரில் 22 கிலோ என்றேனே, அதே தண்ணீர்.

பெரியவர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவிருக்கும். அதில் மண்ணெண்ணெய் அழுத்தத்தால் ஆவியாகிக் காற்றோடு முன்கூட்டியே கலந்து நீலமாக எரியும். நீலச் சுடருக்கு வெப்பம் அதிகம், வெளிச்சம் மிகக் குறைவு. அந்த வெப்பத்தில் மேண்டில் வலை ஒளிர்வதால்தான் தெருவே பகலானது. அதே மண்ணெண்ணெய் சிம்னி விளக்கில் மஞ்சளாக எரிந்து கண்ணாடியைக் கறுப்பாக்கியது. எண்ணெய் ஒன்றுதான். காற்று சேர்ந்த விதம் வேறு. உங்கள் அடுப்பில் நீலம் மாறி மஞ்சள் நாக்கு எழுந்தால், தாய்மார்களே, வாயு மோசம் என்று வினியோகக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் பர்னரின் துளைகளையும் காற்று நுழையும் வாயையும் தூய்மை செய்து பாருங்கள்.

இனித் தேர்ந்தெடுக்கும் விஷயத்திற்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற மாதம், "அத்தா, எரிபொருள்லேயே எது சிறந்தது?" என்று கேட்டாள். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் நானும் தப்பித்திருப்பேன். "எதைக் கொண்டு அளக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு மணி நேரம் போயிற்று.

மோல் கணக்கில் அளந்தால் ஆக்டேன் எளிதில் வெல்லும். ஒரு மோல் ஆக்டேன் 5,470 கிலோ ஜூல் வெப்பம் தரும், ஒரு மோல் ஹைட்ரஜன் 286தான். கிராம் கணக்கில் அளந்தால் தலைகீழ்: ஹைட்ரஜன் கிராமுக்கு 143, ஆக்டேன் 48. வண்டி டேங்கின் கணக்கில், அதாவது லிட்டரில் அளந்தால் மறுபடியும் தலைகீழ். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வாயு 12 கிலோ ஜூல், ஒரு லிட்டர் ஆக்டேன் திரவம் 33,000க்கும் மேல். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அளப்பதும் உண்டு. மீத்தேன் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு 890 கிலோ ஜூல் தருகிறது, ஆக்டேன் அதே ஒரு மோலை வெளியிட்டு 684 தருகிறது, சுத்தமான கரி 393 மட்டுமே. தேர்வில் "சிறந்த எரிபொருளைத் தேர்ந்தெடு" என்று வந்தால் வினாவை இரண்டு முறை படியுங்கள். எந்த அளவுகோல் என்பது வினாவுக்குள்ளேயே ஒரு சொல்லாக ஒளிந்திருக்கும்.

பிறகு அவள் செய்முறைக் கணக்கை எடுத்து வந்தாள். சாராய விளக்கால் 100 கிராம் தண்ணீரைச் சூடாக்கி, எவ்வளவு எரிந்தது, எத்தனை டிகிரி உயர்ந்தது என்று பார்ப்பது. (ஹஜ்ரத் வீட்டில் சாராயமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அது பள்ளிக்கூடத்து விளக்கு, குடிக்க முடியாத எரிசாராயம்.) 0.6 கிராம் எரிந்தது, வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தது. தண்ணீர் பெற்ற வெப்பம் 8.4 கிலோ ஜூல், அதாவது கிராமுக்கு 14. பாடநூலின்படி எத்தனாலுக்குக் கிராமுக்கு ஏறத்தாழ 30 வர வேண்டும். பாதி கூட வரவில்லை. தோழிகள் எல்லாரும் புத்தகத்து எண்ணையே பதிவேட்டில் எழுதிவிட்டார்களாம். இவள் வந்த எண்ணை எழுதிவிட்டு அழுதுகொண்டு நின்றாள்.

நான் அவளிடம் சொன்னேன்: நீ எழுதியதுதான் சரி. மீதி 16 எங்கே போயிற்று என்று தேடு. சுற்றியுள்ள காற்றுக்கு, முக்காலிக்கு, கண்ணாடிக் குவளைக்கு, குவளையின் அடியில் ஒட்டிய கரிக்கு என்று நால்வர் பங்கு போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் அட்டை மறைப்பு வைத்து, கண்ணாடிக்குப் பதில் செம்புப் பாத்திரம் வைத்து மறுபடி செய்தாள். எண் உயர்ந்தது, ஆனால் 30 வரவில்லை. திறந்த நெருப்பில் வரவும் வராது.

எத்தனால் முறைப்படி ஹைட்ரோகார்பன் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் ஓர் ஆக்சிஜன் அணு ஏற்கெனவே இருக்கிறது. ஓரளவு எரிந்து முடிந்த பொருள் என்று சொன்னால் வேதியியல் ஆசிரியர் மன்னிப்பார் என்று நம்புகிறேன். அதனால்தான் வெப்பம் குறைவு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு நம் நாட்டில் 2025இல் எட்டப்பட்டது. லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் அதனால் கணக்கின்படி 6 சதவீத அளவுக்குக் குறையும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று பள்ளிவாசல் திண்ணையில் நடக்கும் விவாதத்திற்கு இது ஓரளவு விடை. பங்க்காரர் திருடுகிறார் என்று சொல்லிப் பழி சுமக்க வேண்டாம்.

இன்னும் ஓர் அளவுகோல் பாக்கி இருக்கிறது. அது பணம். நிர்வாகக் குழுக்கள் பெரும்பாலும் அதைக் கொண்டுதான் அளக்கும், அதில் குற்றமும் இல்லை, ஏனெனில் அது ஊராரின் பணம். ஆனால் அந்த ஒன்றை மட்டும் கொண்டு அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். சுற்றிலும் எண்ணெய்க் கிணறுகள், செழித்த ஊர், அதற்கேற்ற பெரிய பள்ளிக்கூடம். குளிர்காலத்தில் வகுப்பறைகளைச் சூடாக்க இயற்கை வாயு. 1937ஆம் ஆண்டு தொடக்கத்தில் பள்ளி நிர்வாகம் செலவைக் குறைக்க எண்ணி, விலை கொடுத்து வாங்கிய வாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய் வயலில் கழிவாகக் கிடைத்த வாயுவின் குழாயிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதியில் பலரும் செய்ததுதான். மிச்சமானது மாதம் சில நூறு டாலர்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. கசிந்து கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 18, வியாழக்கிழமை, பள்ளி விடுவதற்குச் சற்று முன்பு, தச்சுப் பட்டறை ஆசிரியர் ஓர் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள்.

அந்த நிர்வாகிகள் கெட்டவர்கள் அல்லர். இறந்த பிள்ளைகள் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள். வாயுவில் வெப்பம் எவ்வளவு என்று பார்த்தார்கள், விலை எவ்வளவு என்று பார்த்தார்கள். கசிந்தால் எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர்கள் முன் வரவில்லை. அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் வாயுவில் துர்நாற்றம் கலப்பதைக் கட்டாயமாக்கியது. பிற இடங்களிலும் அம்முறை பரவியது. இன்று நம் சிலிண்டரைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம் வாயுவுடையது அல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். சமையலறையில் அந்த வாடை வரும்போது ஊதுபத்தி கொளுத்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு எனக்குள்ள தகுதி உங்களுக்கு இப்போது தெரியும்.

இன்றைய பொதுக்குழுவின் பொருள் நிரலில், நோன்புக் கஞ்சி காய்ச்சும் சமையற்கூடத்தை விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாற்றும் தீர்மானம் இருக்கிறது. வாக்களிக்கும் உரிமை எனக்கில்லை, நான் ஜமாஅத்தின் ஊழியன். ஆனால் கணக்கு சொல்லலாம்.

காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 17,000 கிலோ ஜூல், எரிவாயு 46,000க்குக் குறையாது. மூன்று மடங்குகூட இல்லையே, எரிவாயு எதற்கு என்று பண்டாரி கேட்பார். மகளின் குவளையை நினைவில் கொள்ளுங்கள். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பாத்திரத்துக்குள் போவது நூற்றுக்கு 10 முதல் 15 வரை. வீட்டு எரிவாயு அடுப்புக்கு நம் நாட்டுத் தரநிர்ணயம் விதித்திருக்கும் குறைந்த அளவு 68. பெருக்கிப் பார்த்தால் ஒரு கிலோ எரிவாயு செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 15 கிலோ விறகு வேண்டும். வணிகச் சிலிண்டரில் 19 கிலோ இருக்கிறது. பெரிய தேக்சாவுக்கும் நம் கட்டடுப்புக்கும் இந்த எண் சற்று மாறும், விலையும் மாதத்திற்கு மாதம் மாறும். அதனால் இரண்டு நாள் விறகிலும் இரண்டு நாள் வாயுவிலும் ஒரே அளவு கஞ்சி காய்ச்சி, எடைபோட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பொருளாளர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். விறகுக் கஞ்சிக்கு ருசி தனி என்று சொல்லும் பெரியவர்களோடு நான் வாதாடவில்லை, எனக்கும் அந்த ருசி பிடிக்கும். மாதம் முழுவதும் சிவந்த கண்ணோடு நிற்கும் பண்டாரியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

எரிவாயு என்று முடிவானால் ஒரே ஒரு வேண்டுகோள். மீத்தேன் காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போகும். புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தரையில் படுக்கும், பள்ளத்தைத் தேடும். நம் சமையற்கூடமோ முற்றத்தைவிட மூன்று படி கீழே இருக்கிறது. வரைபடத்தில் சன்னல்கள் எல்லாம் கூரைக்கு அருகில் போடப்பட்டுள்ளன. விறகுப் புகைக்கு அது சரி. எரிவாயுவுக்குத் தரையை ஒட்டித் திறப்பு வேண்டும், சிலிண்டர்கள் அந்தப் பள்ளத்தில் இராமல் வெளியே மேட்டில் காற்றோட்டமான கொட்டகையில் நிற்க வேண்டும். இதற்குச் செலவு கூடும். கூடுதல் செலவைத் தீர்மானத்திலேயே சேர்த்து எழுதிவிடும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜெனரேட்டர் நம் பள்ளியில் இப்போது எங்கே நிற்கிறது என்பதை எல்லாரும் அறிவீர்கள். மதிலுக்கு அருகில், தனிக் கூரையின் கீழ், நாலு பக்கமும் திறந்து. மழைச் சாரல் அதன்மீது அடிக்கத்தான் செய்கிறது. இரண்டு முறை பழுதாகிச் செலவும் வைத்தது. அந்தச் செலவு ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தில் இருக்கிறது. அதை ஏன் உள்ளே வைக்க விடுவதில்லை என்று கேட்டவர்களுக்கு இன்றுதான் முழுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பரிசு பெறும் பிள்ளைகளில் நால்வர் இப்போது மெழுகுவர்த்தி, கரண்டி, தம்ளரோடு மேடைக்கு வருகிறார்கள். ஃபாரடே காட்டியதையே நம் கண்முன் காட்டுவார்கள். சுடர் ஆடாமல் இருப்பதற்காக மின்விசிறிகளை மட்டும் நிறுத்துங்கள். சன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.